ஸ்பிதி வழியில் ஃபோர் வீல் டிரைவ்: வண்டியைத் தயார் செய்வதும் நாலாவைக் கடப்பதும்

இமாசலப் பிரதேசத்தில், ஸ்பிதி பள்ளத்தாக்கின் வாசலான குன்சும் கணவாய்க்கு மணாலிப் பக்கம் உள்ள பாத்தலிலிருந்து கிராம்ஃபூ வரை போகும் சுமார் 50 கிலோமீட்டர் சாலை, அரசுப் பேருந்து ஓடும் நம் நாட்டுச் சாலைகளிலேயே மிகக் கரடுமுரடானவற்றுள் ஒன்று. பல இடங்களில் தார் கிடையாது. சந்திரா ஆற்றை ஒட்டி, உருண்டைக் கற்களின்மேல் வண்டி ஊர்ந்துதான் போகும். மேலே உள்ள பனிப்பாறைகள் உருகி இறங்கும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆற்றில் விழும். அங்கே அவற்றை நாலா என்பார்கள். பாலம் இல்லாத நாலா என்றால் தண்ணீருக்குள் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா, மாருதி ஜிம்னி என்று ஆண்டுதோறும் பல வண்டிகள் அங்கே ஏறுகின்றன. கிளம்புமுன் பெரும்பாலோர் கேட்பது காற்றுக்குழாயை உயர்த்தும் ஸ்நார்க்கல், கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச், கூடுதல் விளக்கு பற்றித்தான். அவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி எந்தெந்தத் துளைகள் வழியாக மூச்சு விடுகிறது, அந்த ஓடை எத்தனை மணிக்குப் பெருகுகிறது: இந்த இரண்டும் தெரிந்தவர் சாதாரண வண்டியிலேயே கடந்துவிடுவார். தெரியாதவரை எந்தச் சாமானும் காப்பாற்றாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டைச் சுற்றித்தான்.

எந்தப் பக்கமாக ஏறுவது

முதல் தயாரிப்பு வரைபடத்தில்தான். ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள். மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக வந்து, கோக்சர், கிராம்ஃபூ, பாத்தல், குன்சும் என்று ஏறுவது ஒன்று. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக கல்பா, நாகோ, தாபோ என்று காஸாவுக்குப் போவது மற்றொன்று. சிம்லா வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். அதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, உடம்பு. கல்பா ஏறத்தாழ 2,960 மீட்டர், தாபோ 3,280, காஸா 3,700 சொச்சம், குன்சும் 4,550. இப்படிப் படிப்படியாக ஏறினால் உயர நோய் வரும் வாய்ப்பு குறையும். மணாலி 2,000 மீட்டர்தான். அங்கிருந்து ஒரே நாளில் பாத்தலுக்கோ சந்திரதால் ஏரிக்கோ போய்ப் படுத்தால், இரவு தலைவலியும் வாந்தியும் வந்து, மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நிலையிலேயே இருக்க மாட்டீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரையைப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கீழே இறங்குங்கள்.

இரண்டு, தண்ணீர். பனிப்பாறை ஓடை வெயிலுக்குக் கட்டுப்பட்டது. இரவில் உருகுவது நின்றுபோகும். அதனால் விடியற்காலையில் நீர் மிகக் குறைவாக இருக்கும். பத்து மணிக்குமேல் ஏற ஆரம்பித்து, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தைத் தொடும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, மாலையில் தொடையைத் தொடலாம். மணாலியிலிருந்து காலையில் கிளம்புகிறவர் வழியில் உள்ள சத்ருவையும் சோட்டா தாராவையும் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டிருக்கும். பாத்தலில் தங்கி ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் பெரிய நாலாக்களை ஒன்பது, ஒன்பதரைக்குள் தாண்டிவிடுவார்.

குன்சும் வழக்கமாக மே கடைசி அல்லது ஜூனில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். ஜூன், ஜூலையில் உருகுநீர் அதிகம். ஜூலை, ஆகஸ்ட்டில் மேகவெடிப்பு பயம் வேறு. 2021 ஜூலை கடைசியில் மணாலிப் பக்கத்து லாகௌல் பள்ளத்தாக்கின் தோசிங் நாலாவில் திடீர் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. 2023 ஜூலையில் எதிர்பாராத கனத்த பனியால் சந்திரதால் முகாம்களில் சுமார் 300 பேர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். முதல் முறை போகிறவர்களுக்குச் செப்டம்பர்தான் நல்லது: தண்ணீர் வடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். இரவுக் குளிர் கடிக்கும், அதை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும்.

வண்டி மூச்சு விடும் இடங்கள்

பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் வரும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். அதன் வாய் எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். சில வண்டிகளில் ஹெட்லைட் பின்னால் இருக்கும், சிலவற்றில் ஃபெண்டருக்குள். தரையிலிருந்து அந்த வாய்வரை டேப் வைத்து அளந்து, எண்ணை எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் அந்த வாயைத் தொட்டால் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தபின் பிஸ்டன் மேலே வந்தால் கன்னெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம், சேதமும் அதிகம்.

கம்பெனி சொல்லும் நீராழ அளவு தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700. இந்த எண்கள் ஓட்டம் இல்லாத தண்ணீருக்கு, சமமான தரைக்கு, மெதுவான வேகத்துக்கு. பாய்ந்து வரும் நாலாவுக்கு அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே என்று நினைவில் வைத்தால் போதும்.

ஸ்நார்க்கல் காற்றுக்குழாயின் வாயை மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். வண்டி மிதப்பதையோ அடித்துக்கொண்டு போவதையோ அது தடுக்காது. இந்த வழியில் அதனால் கிடைக்கும் பெரிய நன்மை, முன்னே போகும் லாரி கிளப்பும் புழுதியை ஃபில்டர் குறைவாக விழுங்குவது. வெளியே வாங்கிப் பொருத்துவதானால் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப்புகாதபடி ஒட்டியிருக்க வேண்டும். ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும் அது வெறும் அலங்காரம்.

யாரும் கவனிக்காத இடம் அடுத்தது: பிரீதர். முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் பெட்டி) ஒவ்வொன்றிலும் உள்காற்று வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். மணிக்கணக்கில் ஓடிச் சூடான கிரவுன் திடீரென்று பனிநீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கியதும் உறிஞ்சும். பிரீதர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ சேறு அடைத்திருந்தாலோ, ஆயில் சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆயிலில் தண்ணீர் கலந்து, சில நூறு கிலோமீட்டர் கழித்துப் பேரிங் கத்தும்போதுதான் தெரியவரும்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, கிரவுன் மேலே உள்ள அந்தச் சின்ன மூடியை விரலால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுழல வேண்டும். பல வண்டிகளில் சேறும் கிரீஸும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவுங்கள். முடிந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் பொருத்தி, எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை கொண்டுபோய்க் கட்டுங்கள். பின் கிரவுனுக்குப் போகும் குழாயில், அச்சு மேலும் கீழும் ஆடுவதற்குத் தேவையான தளர்வு விடுங்கள். இழுபட்டால் கழன்றுவிடும். செலவு சில நூறு ரூபாய்தான். நாலா கடக்க ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

பேட்டரி முனை, ஃபியூஸ் பெட்டி, சென்சார் இணைப்புகள் ஆகியவற்றைக் கழற்றி, காயவைத்து, மின்சாரத்துக்கான சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கதவுக்கு அடியிலும் தரைத்தட்டிலும் உள்ள ரப்பர் அடைப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

டயர்

அந்தச் சாலையில் அதிகம் அடிவாங்குவது டயரின் பக்கச் சுவர். கூரான கல்லுக்கும் விளிம்புக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். நெடுஞ்சாலை டயரோடு போகாதீர்கள். ஆல் டெரைன் வகை போதும், சேற்றுக்கான மட் டெரைன் இந்த வழிக்கு அவசியமில்லை. ஐந்து டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். ஸ்டெப்னி புதிதாகவும் மற்ற நான்கும் பழையதாகவும் இருந்தால், ஃபோர் வீலில் ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். தனி வண்டியாகப் போகிறீர்கள் என்றால் ஸ்டெப்னியோடு கூட, அந்த அளவுக்குப் பொருந்தும் ஒரு டியூபும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் திரி நிற்காது. உள்ளே ஒரு ரப்பர் துண்டு வைத்து டியூப் போட்டால் காஸாவரை ஊர்ந்து போய்விடலாம்.

காற்றழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 32 பிஎஸ்ஐ அடைத்துவிட்டு, வெப்பநிலை மாறாமல் 4,500 மீட்டர் ஏறினால் கேஜ் 38 காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்குக் குறைந்து நிற்பதுதான் காரணம். சென்னை வெயிலுக்கும் பாத்தலின் விடியற்குளிருக்கும் உள்ள வித்தியாசம் அதில் 5 பிஎஸ்ஐயைக் கழித்துவிடும். அதனால் காலையில் அளந்தால் சரியாக இருக்கும், நடுப்பகல் வெயிலில் கல்லில் ஓடும்போது ஏகத்துக்கு ஏறியிருக்கும். ஆகவே கீழே அடைத்த கணக்கை நம்பாமல் தினமும் அளந்து பாருங்கள். குன்சுமுக்கு முந்தைய கடைசி ஊரான லோசர் தாண்டிக் கல்சாலை தொடங்கும்போது 24, 25க்கு இறக்குங்கள். டயர் கல்லைத் தழுவிப் போகும், கிழிவது குறையும், முதுகும் தப்பும். ஆனால் காற்று இறக்கிய டயரோடு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்றுங்கள். அதற்கு ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும், பேட்டரியில் நேராகக் கவ்வும் வகையாகப் பாருங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் மலிவு வகை பெரிய டயருக்குத் தாங்காது, ஃபியூஸ் போகும்.

குளிர், உயரம், எரிபொருள்

நம் ஊரில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செப்டம்பரிலேயே குன்சும் பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெறும் தண்ணீர் உறைந்தால் ரேடியேட்டரோடு நிற்காது, பிளாக்கே விரிசல் விடும். முழுக்க வடித்துவிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். வைப்பர் தண்ணீர்த் தொட்டியிலும் உறையாத திரவம். பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி, ஜிம்னி போல, 4,500 மீட்டரில் தன் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். வண்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், காற்றே அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் போட்டு மெதுவாக ஏறுங்கள். பிஎஸ்6 டீசலில் வேறு தொல்லை: மணிக்கணக்கில் ஊர்ந்தால் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். கல்சாலைக்கு முந்தைய நாள் தார்ச்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் பங்க் காஸாவில் இருக்கிறது. அதைவிட்டால் மணாலி பக்கம் போய்ச் சேரும்வரை ஒன்றும் இல்லை. தூரம் 200 கிலோமீட்டர்தான், ஆனால் லோ ரேஞ்சிலும் முதல் கியரிலும் குடிக்கும் அளவு வேறு. சந்திரதால் போய்த் திரும்புவது, வழி அடைத்துக் காஸாவுக்கே திரும்ப வேண்டி வருவது, இரண்டையும் கணக்கில் வைத்து டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள்.

இதையெல்லாம் மாட்டிய கையோடு வடக்கே கிளம்பாதீர்கள். முழுச் சுமையோடு ஒருமுறை கொல்லிமலை ஏறி இறங்குங்கள். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் பிரேக்கையும் கூலிங்கையும் சுமை கட்டிய விதத்தையும் அரைநாளில் சோதித்துச் சொல்லிவிடும். கழல்வது அங்கேயே கழலட்டும்.

சுமை, சட்டம், காப்பீடு

ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை வரம்பு இருக்கும். நான்கு பேர், கேன் தண்ணீர், டூல்ஸ், கூடாரம், கயிறு எல்லாம் சேர்த்தால் அந்த வரம்பைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவீர்கள். எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். கனமானவை இரண்டு அச்சுகளுக்கு நடுவில், தரையோடு ஒட்டி. கூரைமேல் லேசானவை மட்டும். சரிவான கல்லில் சாயும்போது கூரைச் சுமைதான் கவிழ்க்கும். பின்சீட்டில் கட்டாமல் விட்ட ஜாக்கி மண்டையைப் பதம் பார்க்கும்.

முன்னால் புல் பார் வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, இமாசலத்தில் போலீஸ் நிறுத்தினால் அங்கேயே கழற்ற வேண்டியிருக்கும். ஏர்பேக் சென்சாரையும் அது குழப்பும். ஆர்சியில் பதிவான அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். டயர் அளவு, உயரம் தூக்குவது எல்லாம் இதில் அடங்கும், முன்பே ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் ஒரு முக்கியமான ஓட்டை. சாதாரண முழுக் காப்பீடு, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வரும் சேதத்தைப் பொதுவாக ஏற்காது. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை தனியாக எடுக்க வேண்டும். எடுத்தாலும், வேண்டுமென்றே ஆற்றில் இறக்கியது தெரிந்தால் தகராறுதான். நிபந்தனைகளைக் கிளம்புமுன் படியுங்கள்.

சாட்டிலைட் போன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவிகளும் அப்படியே. சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். கின்னௌரில் உள்ள ரெக்காங் பியோ தாண்டிப் போக வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு எல்லைப் பகுதிக்கான இன்னர் லைன் பெர்மிட்டும் வேண்டும். இந்தச் சாலையில் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது. அதனால் எந்த நாள் எங்கே இருப்போம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர், போர்வை வண்டியிலேயே இருக்கட்டும்.

மீட்புச் சாமான்

மேல் லாகௌலில் மரம் கிடையாது. வின்ச் கயிற்றைக் கட்ட ஏதாவது வேண்டுமே! இன்னொரு வண்டி அல்லது அசையாத பாறை கிடைத்தால்தான் அங்கே வின்ச்சுக்கு வேலை. அந்தப் பணத்தில் நண்பரின் வண்டிக்கு டீசல் போட்டு அவரையும் கூட்டிப் போவது மேல். இரண்டு வண்டி, ஒரு நல்ல கயிறு: இதைவிடப் பெரிய பாதுகாப்பு அந்த வழியில் இல்லை.

கயிறு, நீண்டு சுருங்கும் கைனடிக் வகையாக இருக்கட்டும். சுமையேற்றிய வண்டி எடையைப்போல் மூன்று மடங்காவது தாங்க வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் துணி ஷேக்கிள் இரண்டு, மணலள்ளும் குட்டை மண்வெட்டி ஒன்று, டயருக்கடியில் வைக்கும் பலகை இரண்டு, தடித்த கையுறை. வண்டியில் கயிறு மாட்டும் இடம் எது என்று வீட்டிலேயே கண்டுபிடியுங்கள். சேஸில் போல்ட் போட்ட கொக்கி மட்டும்தான் அதற்கு. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்குக் கம்பெனி வைத்திருக்கும் மெல்லிய வளையத்திலோ, டிரெய்லர் மாட்டும் குண்டிலோ கயிறு போட்டு இழுத்தால், பிய்த்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது கயிற்றின்மேல் ஒரு கனமான ஜமுக்காளத்தைப் போடுங்கள், மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் நிறுத்துங்கள்.

நாலாவின் கரையில்

வண்டியை நிறுத்துங்கள். இறங்குங்கள். அவசரமாக நேரே இறங்கிய வண்டிகள்தான் பெரும்பாலும் மாட்டுகின்றன.

முதலில் காது. பனிப்பாறை நீர் கலங்கலாகச் சாம்பல் நிறத்தில் வரும், அடி தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும். தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் 'டொக், டொக்' என்று கல்லோடு கல் மோதும் ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், ஓட்டம் பாறைகளையே உருட்டிக்கொண்டு போகிறது. டயருக்கடியில் இருக்கும் கல்லும் அப்படியே உருளும். கடக்காதீர்கள், காத்திருங்கள்.

அடுத்து கண். கரையில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு மேலே ஈரமான கல் தெரிந்தால் வடிகிறது, காய்ந்த கல்லைத் தண்ணீர் தொடுகிறது என்றால் ஏறுகிறது. ஓரமாக ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். மேற்பரப்பில் கூர்முனை ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி இருக்கும் வி வடிவம், அடியில் பாறை இருப்பதைக் காட்டும். கூர்முனை ஓட்டத்தின் திசையிலேயே கீழ்நோக்கி இருந்தால் அது இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள ஆழமான வாய்க்கால். அகன்று பரந்து சலசலக்கும் இடம் ஆழம் குறைவு. குறுகி அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆழம், அந்த அமைதியை நம்பாதீர்கள்.

அப்புறம் கால். செருப்போடு இறங்கக் கூடாது, பிடிப்புள்ள ஷூவோடு, கைத்தடி ஊன்றி, ஓட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடங்கள். நடந்து பார்க்கத் துணிவில்லாத ஓட்டத்தில் வண்டியை இறக்காதீர்கள். பனிநீரில் சில நிமிடங்களில் கால் மரத்துவிடும், சீக்கிரம் ஏறிவிடுங்கள். இரண்டு சக்கரத் தடத்திலும் தனித்தனியே நடந்து பாருங்கள். குழி எங்கே, பெரிய கல் எங்கே என்று மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கையால் தூக்க முடிந்த கற்களைக் குழியில் போட்டு நிரப்பலாம், அங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

காஸா பேருந்தோ உள்ளூர் பிக்கப்போ வந்தால் முதலில் அதை விடுங்கள், எந்தக் கோட்டில் போகிறது, தண்ணீர் எந்த உயரம் வருகிறது என்று பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பேருந்து கனம், உங்கள் வண்டி லேசு. ஒரு தார் வண்டியின் அடித்தட்டைத் தண்ணீர் தொட்டபிறகு, மேலே ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டரும் ஏறத்தாழ 600 கிலோவைத் தூக்கிக்கொள்ளும். வண்டி எடையே இரண்டு டன் பக்கம்தான். உள்ளே தண்ணீர் புகுமுன் 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டால் டயருக்குத் தரையில் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆழமும் வேகமும் சேர்ந்து வந்தால் நான்கு சக்கர டிரைவ் ஒன்றும் செய்ய முடியாது.

சந்தேகம் இருந்தால் கூடாரத்தைப் போட்டு விடியும்வரை காத்திருங்கள். இதற்காகத்தான் மூன்று நாள் சாப்பாடு.

தண்ணீருக்குள்

இறங்குமுன் வண்டி பத்து, பதினைந்து நிமிடம் ஆறட்டும். கிரவுன் சூடு தணிந்தால் தண்ணீரை உறிஞ்சுவது குறையும். அந்த நேரத்தில் கயிற்றை வண்டியின் பின்கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கூரைமேலோ ஜன்னலுக்குள்ளோ வைத்துவிடுங்கள். நடு ஓட்டத்தில் குனிந்து கொக்கியைத் தேடும் நிலை வரக்கூடாது.

ஏசியை அணையுங்கள், ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கினால் இறக்கை தண்ணீரை அடித்து வளையும், ரேடியேட்டரைக் கிழிக்கும். சிக்னலில் எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். எல்லா ஜன்னலையும் இறக்குங்கள், கதவுப் பூட்டை எடுத்துவிடுங்கள். ஆழம் முழங்காலைத் தொடும் என்றால் சீட் பெல்ட்டும் வேண்டாம்.

ஃபோர் லோ (நான்கு சக்கர லோ ரேஞ்ச்), இரண்டாவது கியர். கல் பெரிதாக இருந்தால் முதல் கியர். ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றும் டிஃப் லாக் இருந்தால் கரையிலேயே போட்டுவிடுங்கள். மெதுவாக முன்சக்கரத்தை இறக்கி, தண்ணீர் பம்பரைத் தொட்டபிறகு நடை வேகத்துக்கு வாருங்கள், மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அப்போது பானெட்டுக்கு முன்னால் ஒரு அலை எழும். அலைக்குப் பின்னால், எஞ்சின் அறைக்குள் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த அலையை முந்தாமல், அது உடையவும் விடாமல் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருப்பதுதான் முழு வித்தையும். தண்ணீரை இருபக்கமும் சிறகாக வாரி அடிப்பது படம் எடுக்க அழகாக இருக்கும், அந்த நீர் போகுமிடம் காற்றுக்குழாயின் வாய்.

கிளட்ச்சை மிதிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள். மிதித்தால் உந்துவிசை போகும், தட்டுகளுக்கு நடுவே தண்ணீரும் மணலும் புகும். ஓட்டத்தோடு சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த கோட்டில் போங்கள், பக்கவாட்டில் முழு அடி விழாது. கண் காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வண்டி பக்கவாட்டில் நகர்வதுபோல் தலை சுற்றும், கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பும். அக்கரையில் ஏறும் இடத்தை மட்டும் பாருங்கள். சக்கரம் கல்லில் ஏறித் தயங்கினால் ஆக்ஸிலரேட்டரை மெல்லக் கூட்டுங்கள். சுழல ஆரம்பித்தால் உடனே விடுங்கள், சுழலும் டயர் தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்ளும். ரிவர்ஸில் வந்த தடத்திலேயே பின்வாங்கி மறுபடி முயலுங்கள்.

ஒரு வண்டி முழுக்க அக்கரை ஏறிய பிறகுதான் அடுத்தது இறங்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டால்

செல்ஃப் அடிக்காதீர்கள். கை தானாகச் சாவிக்குப் போகும், அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றது தண்ணீர் புகுந்ததாலா என்று தெரியாத நிலையில் ஒருமுறை செல்ஃப் அடித்தாலே ராடு வளைந்துவிடும். இக்னிஷனை அணைத்துவிட்டு, முன்பே மாட்டிய கயிற்றை மற்ற வண்டிக்கு எறிந்து இழுக்கச் சொல்லுங்கள். நீர் ஏறுகிறது என்றால் ஜன்னல் வழியாகக் கூரைக்குப் போங்கள். வண்டியின் கீழ்நீர்ப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, வண்டி நகர்ந்தால் ஆளின்மேல் ஏறும்.

கரைக்கு வந்தபின் ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மின் இணைப்புகளைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக், டீசல் என்றால் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். பழக்கமில்லை என்றால் காஸா அல்லது மணாலி மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள்.

ஓடை சாலையைக் கடக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் தண்ணீரில் இறங்காதீர்கள். 2023 டிசம்பரில் நெரிசலைத் தவிர்க்க சந்திரா ஆற்றிலேயே காரை ஓட்டியவருக்கு லாகௌல் ஸ்பிதி போலீஸ் அபராதம் போட்டது, சரியான காரியம். சந்திரதால் 2005இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். ஏரிக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், கரையில் கூடாரம் போடத் தடை இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு ஆயில்கூடக் கலக்கக் கூடாது.

கடந்த பிறகு

அக்கரை ஏறியதும் சில நூறு மீட்டர் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டுங்கள், காய்ந்துவிடும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால் உள்ளே மணல் சேர்ந்திருக்கும், காஸாவிலோ மணாலியிலோ கழற்றிக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் முன்னால் புல், பை எதுவும் ஒட்டியிருக்கிறதா, நம்பர் பிளேட் இருக்கிறதா, கீழே ஏதாவது தொங்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தார்ச்சாலை வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிட்டு டூ வீலுக்கு மாறுங்கள், காற்றை 32க்கு ஏற்றுங்கள்.

மணாலியில் ஒரு நாள் வண்டிக்கு ஒதுக்குங்கள். இரவு முழுக்க ஆறிய வண்டியில், காலையில் முதல் வேலையாக இரண்டு கிரவுன், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கின் வடிப்பு நட்டையும் சற்றே தளர்த்தி, முதலில் வரும் சில சொட்டுகளைப் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தேன் நிறமோ கறுப்போ சரி. தண்ணீராகவே சொட்டினாலோ பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது. அன்றே வடித்து, புது ஆயில் ஊற்றி, சென்னை வந்ததும் மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். டிரைவ் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்டுகளில் கிரீஸ் கன் வைத்து, பழைய கிரீஸ் முழுக்க வெளியே வரும்வரை அடியுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்காமல் மாற்றியே விடுங்கள். வீல் பேரிங்கை, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் 2,500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.